நான் சிரிப்பை விட்டிருந்த மாதங்கள்

எங்கள் தீவில் ஒருத்தருக்கு மனசு சரியில்லை என்றால் அதற்கு ஒரே வைத்தியம்தான். "மெயின்லேண்ட் போயிட்டு வா." பக்கத்து வீட்டு வங்காளி அம்மா சொல்வாள், கூடையில் மீன் கொண்டுவரும் தெலுங்குக்காரர் சொல்வார், மாதாகோயில் பாடற்குழுவில் எனக்குப் பக்கத்தில் நிற்கிறவள் பாட்டுக்கு நடுவிலேயே சொல்வாள். கணவனோடு சண்டையா, பிள்ளை ஃபெயிலா, சோறு இறங்கவில்லையா, எதுவானாலும் கப்பலேறி ஒரு மாதம் அந்தப் பக்கம் இருந்துவிட்டு வந்தால் சரியாகிவிடும்.

நான் பிறந்தது போர்ட் பிளேரில். என் அப்பா தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரையிலிருந்து மீன்பிடிக்க வந்து இங்கேயே தங்கிவிட்டவர். மெயின்லேண்டில் எனக்கு ஒரு சித்தி வீட்டைத் தவிர ஒன்றும் கிடையாது. மூன்று தடவை பார்த்த ஊரை நினைத்து எனக்கு ஏக்கம் எப்படி வரும்? இதை யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை, அதுதான் வெட்கக்கேடு.

எனக்கு வந்தது அழுகை இல்லை. அழுகை வந்திருந்தால் நானே கண்டுபிடித்திருப்பேன். சோகம் என்றால் மூலையில் உட்கார்ந்து முந்தானையால் மூக்கைத் துடைப்பது என்றுதான் நினைத்திருந்தேன். எனக்கு வந்தது உட்கார முடியாமை. ஒரு இடத்தில் இருந்தால் இன்னொரு இடத்தில் இருக்க வேண்டும்போல் இருக்கும், அங்கே போனால் இங்கே. அரிசியைக் களைந்து உலையில் போட்டுவிட்டு, போட்டேனா என்று திறந்து பார்ப்பேன். மூடிவிட்டு மறுபடி பார்ப்பேன். மரைன் ஹில்லில் எங்கள் வீட்டுக்கு ஏறிவர நாற்பது படி. பாதிப் படி ஏறியதும் எதையோ மறந்துவிட்டதாகத் தோன்றித் திரும்பி இறங்குவேன். கீழே போய் நின்றால் எதை மறந்தேன் என்று தெரியாது. விடியற்காலை மூன்று மணிக்குத் தூக்கம் கலைந்துவிடும், பிறகு வராது. மீன் குழம்பில் புளி இருக்கிறதா இல்லையா என்று நாக்குக்குத் தெரியவில்லை. செருப்பு வாசலில் கோணலாகக் கிடந்தால் எனக்கு வந்த கோபத்தை நினைத்தால் இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது. செருப்பைத் தூக்கி எறிந்திருக்கிறேன். அது படி படியாக உருண்டு கீழ்வீட்டு வாசல்வரை போனது.

ஆனால் என்னைப் பார்த்தவர்கள் யாரும் எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று சொல்லமாட்டார்கள். ஏனென்றால் எங்கள் கூட்டத்தில் சிரிக்க வைக்கிறவள் நான்தான்.

எனக்குக் குரல் மாற்றிப் பேச வரும். அதிலும் கப்பல் அறிவிப்பு. சென்னைக்குப் போகும் கப்பலில் ஒலிபெருக்கியில் ஒருவர் பேசுவாரே, இந்தியில் ஒருதரம், இங்கிலீஷில் ஒருதரம், கொஞ்சம் தமிழ் கலந்து ஒருதரம், மூன்றிலும் தூக்கக் கலக்கத்தோடு, அந்தக் குரல் எனக்கு அச்சாக வரும். வீட்டில் சோற்றுக்குக் கூப்பிடுவதே அப்படித்தான். "யாத்ரீகண் க்ருப்யா த்யான் தேங். பயணிகள் கவனத்திற்கு. சமையல்கட்டிலிருந்து புறப்பட வேண்டிய சாம்பார், பருப்பு வேகாத காரணத்தால் அரைமணி நேரம் தாமதமாகப் புறப்படும். பங்க் கிளாஸ் பயணிகள் தங்கள் தட்டைத் தாங்களே கழுவிக்கொண்டு வரவும்." என் மகள் மூன்று வயதிலிருந்து இதைக் கேட்டு உருண்டு சிரித்தவள். பிறகு அவளும் பழகிக்கொண்டாள். பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று கப்பல் ஹார்ன் மாதிரி ஊதிவிட்டுத்தான் படியிறங்குவாள். அவள் அப்பா இதற்கு வைத்த பெயர் காது வலி, ஆனால் அவர்தான் முதலில் சிரிப்பார்.

என் வீட்டுக்காரர் டிங்கிப் படகுகளுக்கு எஞ்சின் பார்க்கிற மெக்கானிக். கையில் கிரீஸ் போகவே போகாது. அதிகம் பேசமாட்டார். ஒரு எஞ்சின் ஓடுகிறது என்றால் நன்றாக இருக்கிறது, ஓடவில்லை என்றால் கெட்டுப்போயிருக்கிறது. அவருக்கு நடுவில் ஒன்றும் கிடையாது. அந்தக் கணக்கைத்தான் எனக்கும் போட்டார்.

நான் சாத்தம் படகுத்துறையில், ஃபெர்ரி ஏறுகிற ஜெட்டிக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை செய்கிறேன். கடைக்காரர் ராமநாதபுரத்துக்காரர், எல்லாரும் பாய் என்போம். கப்பல் டிக்கெட், தீவுக்காரர் அடையாள அட்டை, பிள்ளைகள் ஸ்காலர்ஷிப், எல்லாவற்றுக்கும் ஃபாரம் நிரப்பிக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது என் வேலை. மத்தியானம் ஒரு மணிநேரம் சாப்பாட்டு இடைவேளை. அந்த ஒரு மணிநேரத்தில்தான் எனக்கு ஃபெர்ரிப் பழக்கம் வந்தது.

டப்பாவைத் திறக்கப் பிடிக்காது. எதிரே, அக்கரையில் இருக்கிற பம்பூ ஃபிளாட் என்ற ஊருக்குப் போகும் ஃபெர்ரி நிற்கும். ஏறிவிடுவேன். ஓரத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். அக்கரை வந்ததும் ஸ்கூட்டரும் ஜீப்பும் ஆட்களும் இறங்குவார்கள், நான் இறங்கமாட்டேன். அதே ஃபெர்ரியில் திரும்பி வருவேன். எங்கேயாவது போய்க்கொண்டிருந்தால்தான் நெஞ்சுக்குள் இருந்த பரபரப்பு கொஞ்சம் அடங்கியது. நின்றால் திரும்ப ஆரம்பிக்கும். கயிறு போடுகிற ஆள் ஒருநாள், "தீதி, ஆஜ் பி நஹீ உதரேகா?" என்று கேட்டார். இன்றைக்கும் இறங்கவில்லையா என்று. நான் அவருக்கும் கப்பல் அறிவிப்புக் குரலில் ஏதோ பதில் சொன்னேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். அது பொய்ச் சிரிப்பு இல்லை. இதைத்தான் நான் பல நாள் யாருக்கும் புரியவைக்க முடியாமல் தவித்தேன்.

அரிசிப் பானையை நான் நாலு தடவை திறந்து பார்ப்பதை ஒருநாள் என் வீட்டுக்காரர் பார்த்துவிட்டார். மறுவாரம் டிக்கெட்டோடு வந்தார். மே மாத விடுமுறைக் கூட்டத்தில் கப்பல் டிக்கெட் கிடைப்பது என்பது எங்கள் ஊரில் சும்மா காரியமில்லை. இரண்டு நாள் வேலையை விட்டுவிட்டு வரிசையில் நின்றிருக்கிறார். எனக்கும் மகளுக்கும்.

"போயிட்டு வா. சித்தி வீட்டுல ரெண்டு வாரம் இரு. மெயின்லேண்ட் காத்து பட்டா சரியாயிரும்" என்றார்.

எனக்கு அழுகை வந்தது. நல்ல அழுகை. இவ்வளவு செய்கிறாரே, இதிலேயே சரியாகிவிடுவேன் என்றுதான் நினைத்தேன்.

கப்பலில் முதல்நாள் நான் சந்தோஷமாக இருந்தேன். மகளும் நானும் டெக்கில் நின்று அசல் அறிவிப்பாளரோடு போட்டி போட்டோம். அவர் ஒரு வரி சொல்ல, நாங்கள் இரண்டு வரி. கீழ்த்தளத்துப் பங்க் படுக்கையில் இருந்த ஒரு கிழவர் எழுந்து வந்து கைதட்டினார். கப்பல் நகர்ந்துகொண்டே இருந்ததால்தான் நன்றாக இருந்தேன் என்பது பிறகுதான் விளங்கியது. சித்தி வீட்டில் மூன்றாம் நாள் என் கால் தானாகக் கிளம்பிவிட்டது. பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து போய், வந்து நின்ற பஸ்ஸில் ஏறி, கடைசி ஸ்டாப்வரை போய், இறங்காமல் அதே பஸ்ஸில் திரும்பி வந்தேன். கண்டக்டர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அங்கேயும் எனக்கு ஒரு ஃபெர்ரி கிடைத்துவிட்டது என்று எனக்குள் சிரித்துக்கொண்டேன். சிரித்து முடித்ததும் பயமாக இருந்தது. ஏனென்றால் எங்கள் தீவின் ஒரே வைத்தியம் என்னிடம் பலிக்கவில்லை. இதற்கு மேல் எங்கே போவது?

திரும்பி வந்ததும் என் வீட்டுக்காரர் ஜெட்டியில் என் முகத்தைப் பார்த்தார். நான் சிரித்துக் காட்டினேன். "ஆங், இப்ப சரியாயிட்ட" என்றார். அவருடைய சந்தோஷத்தைக் கெடுக்க எனக்கு மனசு வரவில்லை.

மழைக்காலம் முழுக்க அப்படியே ஓடியது. மழை விடுகிற சமயத்தில் மகளுக்குப் புதுநன்மை, கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்குகிற நாள், வந்தது. பத்து வயது. வெள்ளைக் கவுனும் தலையில் பூவளையமுமாக நற்கருணை வாங்கிவிட்டுத் திரும்பி எங்களைத் தேடிப் பார்த்தாளே, அந்தப் பார்வையை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். மத்தியானம் வீட்டில் விருந்து. நாற்பது பேர். என் நாத்தனார், அவளை நான் மைனி என்பேன், பெரிய பிரியாணி டேக்சாவைத் தன் வீட்டிலிருந்து கொண்டு வந்திருந்தாள். சாப்பாட்டுக்குப் பிறகு எல்லாரும் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். நான் நாற்காலிமேல் ஏறி நின்று, புதுநன்மைக் கப்பல் மோட்சத்துக்குப் புறப்படுகிறது என்று அறிவித்தேன். பாவ மூட்டை இருபது கிலோவுக்கு மேல் அனுமதி இல்லை, அதிகப்படியான மூட்டையைப் பங்குச் சாமியாரிடம் ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொள்ளவும் என்றேன். சாமியாரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மகள் என் பக்கத்தில் நின்று ஹார்ன் ஊதினாள். அந்த ஒரு மணிநேரம் எனக்கு உடம்பில் ஒரு குறையும் இல்லை. நான் நடிக்கவில்லை. அத்தனை சந்தோஷமாக இருந்தேன்.

மறுநாள் காலையில் டேக்சாவைக் கழுவித் திருப்பிக் கொடுக்க வேண்டும். மைனி அதை வேறு யாருக்கோ கொடுப்பதாகச் சொல்லியிருந்தாள். எட்டு மணிக்குக் குழாயடியில் அதன்முன் உட்கார்ந்தேன். கையில் தேங்காய் நார். டேக்சாவின் அடியில் சோறு ஒட்டிக் காய்ந்திருந்தது. அதைத் தேய்க்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். கை எழவில்லை. உள்ளே மட்டும் பரபரவென்று ஓடிக்கொண்டிருந்தது, ஓடு ஓடு என்று. வெளியே ஒரு விரலும் அசையவில்லை. குழாய் திறந்தபடி கிடந்தது. பன்னிரண்டு மணிக்கு என் வீட்டுக்காரர் சாப்பிட வந்தபோதும் அப்படியே இருந்தேன். தொட்டி காலியாகியிருந்தது.

அவர் முதலில் குழாயை மூடினார். பிறகு என்னைப் பார்த்தார்.

"என்னட்டி இது? நேத்து அத்தன பேருக்கு முன்னால கெக்கேபிக்கேன்னு சிரிச்ச. இன்னைக்கு ஒரு சட்டி கழுவ முடியலயா? ஆளுக நின்னா சிரிப்பு, வேலன்னு வந்தா சொகமில்லயா?"

"எனக்கு என்னமோ செய்யுதுங்க" என்றேன்.

"நேத்து செய்யலியே?" என்றார்.

அவர் கெட்டவரில்லை. எஞ்சின் நேற்று ஓடியது, அதனால் இன்றைக்கும் ஓடும். சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு அவரே டேக்சாவைத் தேய்த்தார். தேய்க்கிற சத்தத்திலேயே கோபம் தெரிந்தது. நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் என்னை நம்பவில்லை என்பதுதான் எனக்கு அந்த நோயைவிடப் பெரிதாக வலித்தது. இந்த உலகத்தில் இந்த ஒரு மனுஷன் என்னை நம்பினால் போதும் என்று தோன்றியது. அங்கேதான் நான் ஒரு முட்டாள்தனமான முடிவுக்கு வந்தேன்.

சிரிப்பதால்தானே நம்பவில்லை? சரி, இனி சிரிக்கமாட்டேன்.

தவக்காலத்தில் நாங்கள் கறியை விடுவோம், மீனை விடுகிறவர்கள்கூட உண்டு. நான் சிரிப்பை விட்டேன். சும்மா சொல்லவில்லை, உண்மையிலேயே முயற்சி செய்து விட்டேன். சிரிப்பு வரும்போது நாக்கைக் கடித்துக்கொள்வேன். கடையில் யாராவது வேடிக்கையாகப் பேசினால் பிரிண்டருக்குப் பின்னால் போய்ப் பேப்பர் எடுப்பேன். கிறிஸ்துமஸுக்கு மைனி வீட்டில் கூடியபோது, "அறிவிப்பு, அறிவிப்பு" என்று எல்லாரும் கத்தினார்கள். தொண்டை கட்டிக்கொண்டது என்றேன். சந்தோஷம் வராமல் இல்லை. கொஞ்சமாக, எப்போதாவது, அழையாமல் வரும். அதை வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பினேன். என் நோய்க்குச் சாட்சி வேண்டும், இந்தச் சிரிப்பு எதிர்ச்சாட்சி சொல்கிறது என்று அதன்மேல் எனக்கு அப்படி ஒரு ஆத்திரம்.

இதில் மாட்டிக்கொண்டது என் மகள். சாயங்காலம் அவள் ஹார்ன் ஊதிக்கொண்டு வருவாள், நான் அடுப்பைப் பார்ப்பேன். "மம்மி, சுனோ நா, கேளுங்க" என்று முழங்கையை இழுப்பாள். சோற்றுக் கப்பல் வந்துவிட்டதா என்று கேட்பாள். "தட்டை எடு" என்பேன். சில நாள் அவள் குரலை இன்னும் பெரிதாக்கிப் பார்த்தாள். சில நாள் புதிதாக ஏதாவது ஜோக்கு யோசித்து வந்து சொன்னாள். அவற்றில் இரண்டு மிக நல்ல ஜோக்குகள், எனக்கு உதடு துடித்தது. பிறகு அவள் நிறுத்திவிட்டாள். ஜனவரியில் ஒருநாள் ஹோம்வொர்க் நோட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "மம்மி, நான் பேசுறது உங்களுக்குப் புடிக்கலையா?" என்று கேட்டாள். அப்படியெல்லாம் இல்லை என்றேன். அவள் தலையாட்டினாள். பெரிய மனுஷி மாதிரி ஆட்டினாள்.

என் திட்டம் ஒரு வகையில் பலித்தது. பிப்ரவரியில் ஒருநாள் மத்தியானம் என் வீட்டுக்காரர் கடைக்கே வந்துவிட்டார். கிரீஸ் கையோடு கவுண்டரில் சாய்ந்து, பாய்க்கு சலாம் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஒரு ஃபாரம் நெரப்பணும்" என்றார்.

"யாருக்கு?"

"ஒனக்குத்தான். மூணு மாசமா மொகத்தப் பாக்க முடியல. போன தடவ ரெண்டு வாரம் பத்தல போல. இந்தத் தடவ ஒரு மாசம் மெயின்லேண்ட்ல இருந்துட்டு வா. நான் பிள்ளயப் பாத்துக்கிடுதேன்."

நான் பேனாவைப் பிடித்திருந்தேன். பயணி பெயர் என்ற கட்டத்தில் என் பெயரின் முதல் எழுத்தையும் எழுதிவிட்டேன். இத்தனை மாதம் மகளின் முகத்தை வாட வைத்து, சிரிப்பைக் கடித்துக் கடித்து விழுங்கியதற்கு எனக்குக் கிடைத்தது இன்னொரு கப்பல் டிக்கெட். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து முட்டியது. பேனாவை வைத்துவிட்டேன்.

"எனக்குக் கப்பல் வேண்டாங்க. டாக்டர் வேணும்."

"ஒனக்கு என்ன செய்யுது? காய்ச்சலா?"

நான் வாயைத் திறக்குமுன் பாய் பேசினார். அவர் கல்லாவில் உட்கார்ந்தபடி, எங்களைப் பார்க்காமல், வெளியே ஜெட்டியைப் பார்த்துப் பேசினார்.

"தம்பி, நான் சொன்னா கோவிச்சுக்கிறாதீக. தங்கச்சி மத்தியானம் சோறு திங்கிறது இல்ல. டெய்லி ஃபெர்ரி ஏறி அக்கரைக்குப் போகுது. எறங்காம வந்துருது. கயிறு போடுற பய எங்கிட்ட வந்து சொன்னான். எட்டு மாசம் இருக்கும். நானும் கேக்கல, பொம்பளப் புள்ளகிட்ட எப்புடிக் கேக்குறதுன்டு. அது கம்பியப் புடிச்சிக்கிட்டு தண்ணியப் பாக்குதுன்டு அவன் சொன்னதுலருந்து, அந்த ஃபெர்ரி இக்கரைக்கு வந்து சேர்ற வரைக்கும் எனக்கு இங்க தொழுகையில மனசு நிக்கல."

என் வீட்டுக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். எனக்குத் தலை நிமிரவில்லை. தண்ணீரில் விழ வேண்டும் என்று நான் ஃபெர்ரியில் ஏறவில்லை, இதைச் சத்தியமாகச் சொல்வேன். ஆனால் ஒரே ஒருநாள் கம்பியை விட்டு இரண்டடி பின்னால் தள்ளி நின்றுகொண்டேன். ஏன் தள்ளி நின்றேன் என்பதை டாக்டரிடம் மட்டும்தான் சொன்னேன்.

அவர் அந்த ஃபாரத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "நாளைக்குப் போவோம்" என்றார்.

ஆஸ்பத்திரி வரிசையில் தெரியாத முகம் ஒன்று உண்டா எங்கள் ஊரில்? கோயில் ஆட்கள் இரண்டு பேர், கீழ்வீட்டுக்காரி, மகளின் டீச்சர். கேட்டவர்களிடமெல்லாம் அவர், "ப்ரெஷர் பாக்க வந்தோம்" என்றார். நான் மறுக்கவில்லை. வரும் வழியில் ஆட்டோவிலேயே முகத்தைத் தொங்கப்போட்டுப் பழகிக்கொண்டு வந்திருந்தேன். டாக்டர் முன்னால் தப்பித்தவறிச் சிரித்துவிட்டால், "உங்களுக்கு ஒன்றுமில்லை, போங்கள்" என்று அனுப்பிவிடுவாரே என்ற பயம்.

டாக்டர் என்னைவிடச் சின்னப் பெண். தமிழ் பேசினார். தூக்கம், சாப்பாடு, கை கால் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கடைசியாக எப்போது சந்தோஷமாக இருந்தீர்கள் என்று கேட்டார். "ஞாபகமே இல்ல" என்றேன்.

"இல்ல டாக்டர்" என்று குறுக்கே வந்தார் என் வீட்டுக்காரர். "பொய் சொல்லுதா. புள்ளைக்கிப் புதுநன்ம அன்னைக்கி இவதான் அத்தன பேரையும் சிரிக்க வச்சா. இவளும் சிரிச்சா. அதுதான் எனக்கு மனசிலாவ மாட்டேங்கு. சொகமில்லாத ஆளு அப்படிச் சிரிக்குமா?"

நான் பிடிபட்ட திருடி மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "அப்படியா? என்ன சொல்லிச் சிரிக்க வச்சீங்க?"

எனக்குச் சொல்ல விருப்பமில்லை. ஆனால் நாக்கு துரோகி. மோட்சத்துக்குப் போகும் கப்பலை, பாவ மூட்டையை, இருபது கிலோவை, அந்தக் குரலிலேயே சொல்லி முடித்துவிட்டேன். டாக்டரால் சிரிப்பை அடக்க முடியவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

"அன்னிக்கு நிஜமாவே சந்தோஷமா இருந்தீங்களா?"

"ஆமா" என்றேன். இனி மறைத்து என்ன?

"மறுநாள்?"

டேக்சாவைப் பற்றிச் சொன்னேன். நார், தண்ணீர், பன்னிரண்டு மணி. அவர் சிரிப்பு இன்னும் முழுதாகப் போகாத முகத்தோடு எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். பிறகு என் வீட்டுக்காரரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, வேறு சில கேள்விகள் கேட்டார். அப்போதுதான் கம்பியைப் பற்றிச் சொன்னேன். அதையும் எழுதினார். இது நோய்தான், டிப்ரெஷன், மாத்திரை உண்டு, பதினைந்து நாளைக்கு ஒருமுறை வரவேண்டும் என்றார். பிறகு அவரையும் உள்ளே கூப்பிட்டு அதையே சொன்னார். நான் சிரித்ததை வைத்து என் நோயை டாக்டர் குறைத்து எடைபோடவில்லை.

வெளியே வந்ததும் என் வீட்டுக்காரர் முணுமுணுத்தார். "அந்தம்மாவும் சிரிக்கி, சிரிச்சிட்டே மாத்திர எழுதுது. என்ன டாக்டரோ."

மாத்திரை அட்டை ஃபிரிட்ஜ் மேல் உட்கார்ந்தது. அவர் அதைத் தொடவுமில்லை, அதைப் பற்றிப் பேசவுமில்லை. பார்க்காத மாதிரி பக்கத்திலிருக்கும் தீப்பெட்டியை எடுப்பார். நான் தினம் ராத்திரிச் சோற்றுக்குப் பிறகு ஒன்று போட்டேன். முதல் வாரம் வாய் வறண்டது, அவ்வளவுதான். மூன்றாவது வாரம் ஒருநாள் படியேறும்போது பாதியில் திரும்பவில்லை என்பதை உச்சிக்கு வந்த பிறகு கவனித்தேன். ஃபெர்ரி இன்னும் இழுத்தது. சில நாள் ஏறினேன், சில நாள் டப்பாவைத் திறந்தேன். புளி கொஞ்சம் கொஞ்சமாக நாக்குக்குத் திரும்பியது. இடையில் ஒரு வாரம் மறுபடியும் மோசமாகி, எல்லாம் வீண் என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

ஆனால் வீட்டில் நான் சிரிக்கவில்லை. இப்போது காரணம் வேறு. சிரித்தால், "சரியாயிட்டல்லா, இனி எதுக்கு மாத்திர" என்று சொல்லிவிடுவார். எனக்கு அந்த மாத்திரை வேண்டியிருந்தது. மகளும் வேண்டியிருந்தாள். இரண்டையும் ஒரே வீட்டில் வைத்துக்கொள்ள வழி தெரியவில்லை. மகளோ அதற்குள் ஜோக்கு சொல்லாத பிள்ளையாகப் பழகிப்போய், பள்ளிக்கூடம் போகும்போது ஊதாமலே படியிறங்கினாள்.

மே மாதக் கடைசியில் ஒரு சாயங்காலம் முதல் பெருமழை பிடித்தது. வழக்கம்போல் கரண்ட் போனது. எமர்ஜென்ஸி விளக்கை வைத்துக்கொண்டு மூன்று பேரும் சீக்கிரமே சாப்பிட உட்கார்ந்தோம். நான் அன்றைக்குக் குழம்பில் உப்புப் போட மறந்துவிட்டேன். அவர் வாயில் வைத்துவிட்டு நிமிர்ந்தார். மகள் வாயில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். பிறகு மிகச் சின்னக் குரலில், யாருக்கும் கேட்க வேண்டாம் என்பதுபோல், தட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"யாத்ரீகண் க்ருப்யா த்யான் தேங். மோசமான வானிலை காரணமாக உப்பு வரவேண்டிய கப்பல் மெயின்லேண்டிலேயே நிற்கிறது. பயணிகள் அதுவரைக்கும் அழுது, கண்ணீரைத் தொட்டுச் சாப்பிடவும்."

நான் நாக்கைக் கடித்தேன். பலிக்கவில்லை. மூக்கு வழியாக ஒரு சத்தம் வந்தது, அதைக் கேட்டு அவள் நிமிர்ந்தாள். அவ்வளவுதான், கட்டு உடைந்துவிட்டது. சுவரில் சாய்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வழிய, மூச்சு முட்டச் சிரித்தேன். மகள் முதலில் திகைத்துப் பார்த்தாள், பிறகு அந்தப் பழைய ஹார்னை எடுத்து ஊதினாள், விடாமல் ஊதினாள். சிரித்துக்கொண்டே நான் பயந்தேன். ஓரக்கண்ணால் அவரைப் பார்த்தேன். அவரும் சிரித்துக்கொண்டிருந்தார். சரி, இனி சொல்லப்போகிறார் என்று காத்திருந்தேன்.

அவர் எழுந்து கையைக் கழுவினார். விளக்கைத் தூக்கிக்கொண்டு ஃபிரிட்ஜுக்குப் போனார். தீப்பெட்டிக்குப் பக்கத்தில் தடவி அட்டையை எடுத்து, ஒரு மாத்திரையைப் பிதுக்கி, கிரீஸ் படிந்த உள்ளங்கையில் வைத்து, மற்றக் கையில் தண்ணீரோடு வந்து என் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தார்.

"சிரிச்சிட்டே மறந்துராத. இந்தா" என்றார். "அட்டையில இன்னும் நாலுதான் கெடக்கு. வெள்ளிக்கெழம நான் லீவு போட்டுருக்கேன், ஆஸ்பத்திரிக்கிப் போயிட்டு வந்துருவோம்."

எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார். தீப்பெட்டி எடுத்த ஒவ்வொரு நாளும் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார்.

நான் மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டேன். சிரிப்பு இன்னும் நிற்காததால் தண்ணீர் புரையேறி அவர் சட்டையெல்லாம் நனைந்தது. மகள் அதற்கும் ஒரு அறிவிப்புச் சொன்னாள்.